மீனம்பாக்கத்துக்கும் துபாய்க்கும் எத்தனை மைல்

1977ஆம் வருடம் ஜூன் மாதம் ஒரு திங்கட்கிழமை காலை ஞானம்மா என் கடைக்கு வந்தாள். கும்மிடிப்பூண்டி பஜாரில் நான் டைப் அடிக்கும் கடை வைத்திருந்த காலம் அது. மனு, விண்ணப்பம், பத்திர நகல் என்று எதையாவது அடித்துக்கொண்டிருப்பேன். வருகிறவர்கள் முதலில் தங்கள் கஷ்டத்தைச் சொல்வார்கள். இவள் கஷ்டம் எதுவும் சொல்லவில்லை. வாசற்படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு கேட்டாள்:

"சார், மீனம்பாக்கம் ஏரோட்ரோமுக்கும் துபாய் ஏரோட்ரோமுக்கும் எத்தினி மைலு?"

"தெரியாதும்மா" என்றேன்.

"தெரிஞ்சவங்க யாரு?"

"எதுக்குக் கேக்கிற?"

"ஒருத்தன் ஆறு மாசத்து தூரம்னு சொல்றான். பொய்யுன்னு தெரியுது. எத்தினி பொய்யுன்னு தெரியணும்."

இவளைப் பற்றி நான் ஏற்கெனவே கேள்விப்பட்டிருந்தேன். எங்கள் பக்கத்தில் பலருக்கும் அவளைத் தெரியும். எளாவூருக்குக் கிழக்கே ஏரியை ஒட்டியிருந்த காலனியில் பிறந்தவள். அப்பா அம்மா இருவரும் பண்ணையில் கூலி வேலை. காலனியிலிருந்து ரயிலடிக்குப் போக ஊர்த்தெரு வழியாக நடந்தால் அரை மைல். ஆனால் காலனிக்காரர்கள் அந்தத் தெருவில் நடக்கக்கூடாது என்று இருந்தது. ஏரியைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும், இரண்டு மைலுக்கு மேல். எழுதி ஒட்டிய சட்டம் எதுவும் இல்லை. எல்லோரும் அப்படித்தான் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

1963இல் அவளுடைய அக்கா ஆரோக்கியமேரிக்குப் பிரசவ வலி கண்டு, இரண்டு நாளாகியும் பிள்ளை இறங்கவில்லை. பத்து மணி பாசஞ்சரில் ஏற்றிப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். கயிற்றுக் கட்டிலில் படுக்கவைத்து நான்கு பேர் தூக்கினார்கள். ஏரிக்கரைப் பக்கம் திரும்பப் போனவர்களை ஞானம்மா நிறுத்தினாள். அப்போது அவளுக்கு இருபது வயது இருக்கும். முன்பக்கம் தூக்கியிருந்தவரை விலக்கிவிட்டுக் கட்டில் காலைத் தன் தோளில் வாங்கிக்கொண்டு நேராக ஊர்த்தெருவுக்குள் நடந்தாள். மற்ற மூவரும் வேறு வழியில்லாமல் கூடவே நடந்தார்கள்.

"யாரைக் கேட்டுக்கினு இந்தப் பக்கம் வர்றீங்க?" என்று ஒருவர் கத்தினார்.

"வலி வந்தவளைக் கேட்டுக்கினு வந்தோம்" என்றாள். நடையை நிறுத்தவில்லை.

ரயில் கிடைத்தது. அக்கா பிழைத்தாள், குழந்தையும் பிழைத்தது. அந்த அறுவடைக்கு அவர்கள் குடும்பத்தில் யாரையும் வயலில் இறக்கவில்லை. ஞானம்மா கவரைப்பேட்டைப் பக்கம் செங்கல் சூளைக்கு நடந்துபோய் வேலை செய்தாள். காலனியிலேயே பாதிப் பேர் அவளைத் திட்டினார்கள் என்றும், ஆனால் அதன் பிறகு ரயிலைப் பிடிக்க யாரும் ஏரியைச் சுற்றவில்லை என்றும் எனக்குச் சொன்னவர்கள் உண்டு.

இரண்டு வருடம் கழித்து ஜெயராஜைக் கட்டிக்கொண்டாள். அதிர்ந்து பேசாத மனிதன். மிஷன் பள்ளியில் ஐந்தாவது வரை படித்தவன். எழுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் பக்கம் தொழிற்சாலைகள் எழும்ப ஆரம்பித்தபோது, கலப்பை பிடித்தவர்கள் எல்லாம் சிமெண்டு மூட்டை சுமக்கப் போனார்கள். ஜெயராஜ் கம்பி கட்டப் பழகிக்கொண்டான். ஞானம்மா சித்தாளாக அதே கட்டடங்களில் கலவை சுமந்தாள். இரண்டு பெண் குழந்தைகள் பிறந்தார்கள்.

1975இல் பரசுராமன் என்ற ஏஜெண்டு பஜாரில் என் கடைக்கு நான்கு கடை தள்ளி ஆபீஸ் திறந்தார். வளைகுடா நாடுகளுக்குக் கொத்தனார், தச்சர், கம்பி கட்டுபவர் வேண்டும் என்று போர்டு வைத்தார். ஜெயராஜ் போனான். பம்பாய் வரை ரயில், அங்கிருந்து விமானம். போய்ச் சேர்ந்ததும் எழுதிய முதல் கடிதத்தில் விமானத்தைப் பற்றித்தான் ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தான். 'ஏறி உக்காந்ததும் இடுப்பில் பெல்ட்டு கட்டச் சொன்னாங்க. சோறு குடுத்தாங்க. ஜன்னலில் மேகம் தவிர ஒண்ணும் தெரியல. ஒரு தூக்கம் போட்டு எழுந்தேன், கீழே மணல் தெரிஞ்சிது. மூணு மணி நேரம்தான் ஆச்சுன்னு பக்கத்து சீட்டுக்காரர் சொன்னார். நம்ம ஊரிலிருந்து பட்டணம் போய்த் திரும்புற நேரம்.' ஞானம்மா எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். அந்தக் கடிதத்தை அவள் அப்படிக் கூட்டிக்கூட்டிப் படித்தே மனப்பாடம் செய்திருந்தாள்.

1977 ஏப்ரலில் வேறொரு கடிதம் வந்தது. எழுதியவர் யேசுதாஸ், அத்திப்பட்டுக்காரர், ஜெயராஜோடு ஒரே கொட்டகையில் தங்கியிருந்தவர். ஜெயராஜ் இரண்டாவது மாடிச் சாரத்திலிருந்து விழுந்துவிட்டான். தொடை எலும்பும் இடுப்பும் முறிந்திருக்கின்றன. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக் கொட்டகைக்கு அனுப்பிவிட்டார்கள். கட்டிலை விட்டு எழ முடியவில்லை. பாஸ்போர்ட் கம்பெனியிடம். ஊருக்கு அனுப்புவது ஏஜெண்டின் பொறுப்பு என்று கம்பெனி சொல்கிறது. ஏஜெண்டுக்குத் தந்தி கொடுத்தும் பதில் இல்லை. 'நாங்கள் முறை போட்டுப் பார்த்துக்கொள்கிறோம். ஆனால் எல்லோரும் காலையில் வேலைக்குப் போனால் சாயங்காலம்தான் வருவோம். அதுவரை தண்ணீர் கொடுக்க ஆள் கிடையாது.'

ஞானம்மா அன்றே பரசுராமனிடம் போனாள். "ஏற்பாடு பண்றேன்" என்றார். மறு வாரமும் அதையே சொன்னார். ஏழாவது முறை போனபோது அவருக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"இன்னாம்மே, தினம் வந்து பேஜார் பண்ற? துபாய் இன்னா பொன்னேரியா, பஸ்ஸு ஏறி வர்றதுக்கு? கடல் தாண்டி ஆயிரக்கணக்கான மைலு. அடிபட்ட ஆளை எந்தப் பிளேன்ல ஏத்துவான்? கப்பல்ல எடம் பாக்கணும். ஆறு மாசம் ஆவும்."

அங்கிருந்து நேராக என் கடைக்கு வந்துதான் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

இங்கே என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். என் கடை வருமானத்தில் பாதி பரசுராமன் கொடுத்தது. அவர் அனுப்பும் ஆட்களின் ஒப்பந்தங்களை நான்தான் அடித்துக் கொடுத்தேன். ஒவ்வொன்றின் கார்பன் நகலும் என் பீரோவில் இருந்தது. ஏழாவது ஷரத்து எனக்குத் தூக்கத்திலும் வரும்: வேலை செய்ய இயலாதபடி ஊனம் ஏற்பட்டால், ஏஜெண்டு தன் பொறுப்பில் பதினைந்து நாட்களுக்குள் தொழிலாளியை விமானம் மூலம் ஊருக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். ஜெயராஜின் பிரதியைப் பத்திரமாக இருக்கட்டும் என்று பரசுராமனே வாங்கி வைத்துக்கொண்டிருந்தார். இது எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. நான் வாயைத் திறக்கவில்லை.

அவளை அனுப்பிவிட வேண்டும் என்றுதான் பக்கத்து ஸ்டேஷனரி கடையில் ஒரு பள்ளிக்கூட அட்லாஸ் வாங்கிவந்து விரித்தேன். மெட்ராஸிலிருந்து பம்பாய்க்கும் அங்கிருந்து துபாய்க்கும் தையல் நூலை வைத்து, கீழே இருந்த அளவுகோலோடு ஒப்பிட்டேன். ஆயிரத்து எண்ணூறு மைல் சொச்சம் வந்தது.

"நீங்க நூலு வெச்சு அளந்தீங்கன்னா அவன் சிரிப்பான். முத்திர போட்ட காயிதம் வேணும். ஏரோட்ரோம்லயே போயி கேக்கலாம், வாங்க சார்."

"நான் எதுக்கு?"

"அங்க இங்கிலீஷ்ல பேசுவாங்க. அதுக்கு."

ஏன் போனேன் என்று இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. பீரோவில் இருந்த நகல் உறுத்தியது என்று வைத்துக்கொள்ளலாம். புதன்கிழமை காலை பாசஞ்சரில் சென்ட்ரல் போய், பார்க் ஸ்டேஷனில் மின்சார ரயில் மாறி மீனம்பாக்கத்தில் இறங்கினோம். சலவை செய்த வெள்ளைப் புடவையில் வந்திருந்தாள், தேவாலயத்துக்குப் போகிறவள் மாதிரி. காலில் செருப்பு. விமான நிலைய வாசலில் காவலாளி கையை நீட்டித் தடுத்தான்.

"எங்க போற? இது பிளேன்ல ஏர்றவங்களுக்கு."

"பிளேன்ல ஏறிப் போனவரோட பொண்டாட்டி நானு. திரும்பி எறங்கற எடத்தப் பாக்க வந்தேன். தள்ளு."

தள்ளி நின்றான். உள்ளே பளபளப்பான தரையும் சூட்டுப் போட்ட மனிதர்களும் என்னை ஊமையாக்கிவிட்டார்கள். இங்கிலீஷ் பேச வந்தவன் ஒரு தூணோரமாக நின்றுவிட்டேன். ஞானம்மா ஒவ்வொரு கவுண்டராகப் பார்த்துக்கொண்டு போனாள். ஒரு பெண் உட்கார்ந்திருந்த கவுண்டரைத் தேர்ந்தெடுத்தாள். அந்தப் பெண்ணின் சட்டையோரத்தில் விக்டோரியா என்று பெயர்த்தகடு குத்தியிருந்தது.

"அம்மா, இங்கருந்து துபாய்க்கு எத்தினி மைலு, எத்தினி மணி நேரம்? அங்கருந்து இங்க வர எத்தினி மைலு, எத்தினி மணி நேரம்? ரெண்டும் வேணும்."

விக்டோரியா சிரித்தார். "தூரம் ரெண்டு பக்கமும் ஒண்ணுதானேம்மா?"

"எங்க ஊர்ல ஒருத்தருக்கு அது தெரியல. நீங்க எழுதிக் குடுங்க."

அந்தப் பெண் சிரிப்பை நிறுத்திவிட்டு என்ன விஷயம் என்று கேட்டார். ஞானம்மா சொன்னாள். பின்னால் இரண்டு பயணிகள் முணுமுணுத்தார்கள். விக்டோரியா அவர்களை வேறு கவுண்டருக்குப் போகச் சொல்லிவிட்டு, தடித்த காலஅட்டவணைப் புத்தகம் ஒன்றை எடுத்தார். கம்பெனித் தாளில் எழுதிக்கொண்டே வாயாலும் சொன்னார். மெட்ராஸ் பம்பாய், ஆயிரத்து முப்பது கிலோமீட்டர், ஒரு மணி நாற்பத்தைந்து நிமிடம். பம்பாய் துபாய், ஏறக்குறைய ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பது கிலோமீட்டர், மூன்று மணி ஐந்து நிமிடம். மொத்தம் நான்கு மணி ஐம்பது நிமிடம். நடுவில் பம்பாயில் காத்திருக்கும் நேரம் தனி.

"திரும்பி வர?"

விக்டோரியா பக்கத்தைப் புரட்டினார். "துபாய் பம்பாய் ரெண்டு மணி நாப்பது நிமிஷம். பம்பாய் மெட்ராஸ் ஒண்ணு நாப்பது. நாலு மணி இருவது நிமிஷம்."

"கம்மியா இருக்குதே?"

"ஆமாம்மா. மேல மேற்கத்திக் காத்து வேகமா அடிக்கும். வரும்போது பின்னாலேருந்து தள்ளிவிடும். போறதைவிட வர்றது சீக்கிரம்."

ஞானம்மாவின் முகத்தில் அப்போது வந்ததைப் புன்னகை என்று சொல்ல முடியாது. கடைசி வரியை இன்னொரு முறை சொல்லச் சொன்னாள். அதையும் எழுதச் சொன்னாள். அடிபட்டவரைப் படுக்கவைத்துக் கூட்டிவர முடியுமா என்று கேட்டாள். முன்கூட்டிச் சொல்லி, டாக்டர் சீட்டு இருந்தால் மூன்று சீட்டை மடக்கி ஸ்ட்ரெச்சர் வைப்பார்கள், உட்கார முடிந்தால் சக்கர நாற்காலியே போதும் என்றார் விக்டோரியா. அதுவும் தாளில் ஏறியது. அடியில் முத்திரை விழுந்தது.

திரும்பும் ரயிலில் அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது. எண்களைப் பாடம் செய்கிறாள் என்று கொருக்குப்பேட்டை தாண்டும்போதுதான் எனக்குப் புரிந்தது. பொன்னேரி வந்ததும் நான் ஏழாவது ஷரத்தைப் பற்றிச் சொல்லிவிட்டேன். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"இது உங்களுக்கு அன்னிக்கே தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப நூலு வெச்சு அளந்துக்கினு இருந்தீங்க."

பீரோவில் நகல் இருப்பதையும் சொன்னேன்.

"சரி, நகல் குடுங்க" என்றாள். மறுநாள் கொடுத்தேன்.

தாளையும் நகலையும் எடுத்துக்கொண்டு அவள் பரசுராமன் ஆபீசுக்குப் போனபோது, என்னவாகிறது பார்க்கலாம் என்று நானும் பின்னால் போனேன். வாசலில் வேலைக்கு மனுக்கொடுக்க வந்தவர்கள் பதினைந்து இருபது பேர் இருந்தார்கள். பரசுராமன் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு மேசையில் போட்டார்.

"இத வெச்சிக்கினு நான் இன்னா பண்றது? டிக்கெட்டு நான் அடிக்கிறனா?"

"ஏழாவதுல அப்படித்தான் போட்டுக்கீது. பதினைஞ்சு நாளு. இன்னிக்கு எழுபத்தி ரெண்டாவது நாளு."

நகலைப் பார்த்ததும் அவர் கண் ஞானம்மாவைத் தாண்டி என்மேல் வந்து நின்றது. அந்த நொடியில் என் வருமானத்தில் பாதி போயிற்று.

"மொதல்ல வெளிய போம்மே. கலாட்டா பண்ணினா போலீசு வரும்."

"வெளியதான் நிக்கப் போறேன். இன்னொண்ணு, என்னை மே போட்டுக் கூப்பிடாதீங்க. எனக்குப் பேரு இருக்குது."

மறுநாள் காலை எட்டு மணிக்கு அவள் ஆபீஸ் வாசலுக்கு எதிரே, ரோட்டோரத்தில் வந்து நின்றாள். கோஷம் போடவில்லை, அழவில்லை. மனுக் கொடுக்க யார் வந்தாலும் பக்கத்தில் போய் நிதானமாகச் சொல்வாள்:

"அண்ணே, துபாய் போக நாலு மணி அம்பது நிமிஷம். திரும்பி வர நாலு மணி இருவது நிமிஷம். காத்து தள்ளிவுடும், அதனால கம்மி. எங்க ஊட்டுக்காரரு இந்த ஆபீசு வழியா போனாரு. இடுப்பு ஒடிஞ்சு அங்க படுத்துக்கினு எழுபத்தி மூணு நாளாவுது. இன்னும் வரல. உங்க பேப்பர்ல ஏழாவது இன்னான்னு படிச்சிட்டுக் கையெழுத்துப் போடுங்க. பேப்பரை அவங்கக்கிட்ட குடுத்துட்டு வராதீங்க."

பதினொரு மணிவரை நிற்பாள். பிறகு லாரியில் சரக்கு இறக்கும் வேலைக்குப் போவாள். அடுத்த நாள் எண்ணிக்கையில் ஒன்று கூடும், மற்றதெல்லாம் அப்படியே. முதல் வாரம் சிலர் சிரித்தார்கள். இரண்டாவது வாரம் சிலர் ஏழாவது ஷரத்தை எடுத்துக்கொண்டு என் கடைக்கு வந்து படிக்கச் சொன்னார்கள். பள்ளிப்பட்டிலிருந்து வந்த ஆறு தச்சர்கள் சேர்ந்தாற்போலத் திரும்பிப் போய்விட்டார்கள்.

பரசுராமன் போலீசைக் கூப்பிட்டார். ஒரு கான்ஸ்டபிள் வந்தார்.

"இங்க நிக்கக்கூடாதும்மா."

"ஏன் சார், ரோடு அவருதா?"

"பொய்ப் பிரச்சாரம் பண்றேன்னு கம்ப்ளெயிண்டு."

அவள் விக்டோரியாவின் தாளைக் காட்டினாள். "இதுல எது பொய்யுன்னு சொல்லுங்க, நிறுத்திடறேன். மைலு பொய்யா? மணி பொய்யா?"

கான்ஸ்டபிள் தாளை இரண்டு முறை படித்தார். வரும்போது நேரம் குறைவாக இருப்பது ஏன் என்று கேட்டார். அவள் காற்றைப் பற்றி விளக்கினாள். "அப்படியா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அதைவிடக் கடினமானது காலனியில் நடந்தது. பரசுராமன் இனி எளாவூர் காலனி ஆட்கள் யாரையும் எடுப்பதில்லை என்று சொல்லியனுப்பினார். கன்னியம்மா என்று ஒருத்தி, அவளுடைய மகன் பெயர் பட்டியலில் இருந்து எடுக்கப்பட்டுவிட்டது. அவள் ஞானம்மா வீட்டு வாசலில் வந்து நின்று மண்ணை வாரி இறைத்தாள்.

"உன் புருசன் ஒருத்தனுக்காக எங்க எல்லார் வாயிலயும் மண்ணைப் போடறியே, நீ நல்லா இருப்பியா?"

ஞானம்மா அவளிடம் சண்டைக்குப் போகவில்லை. "உம் புள்ள அங்க போயி உழுந்து கெடந்தா நீ இன்னா பண்ணுவே, சொல்லு. நீ சொல்றதை நான் இப்ப பண்றேன்" என்றாள். கன்னியம்மா முந்தானையை உதறிக்கொண்டு போனாள். அன்று ஞானம்மா சாப்பிடவில்லை என்று அவளுடைய பெரிய பெண் என்னிடம் பிற்பாடு சொன்னாள்.

ஆகஸ்டு முதல் வாரம் பரசுராமன் இறங்கிவந்தார். ஆள் விட்டுக் கூப்பிட்டு உட்காரச் சொல்லி காபி வரவழைத்தார். ஜெயராஜ் தன் சொந்த விருப்பத்தில் வேலையை விட்டு வருகிறான், ஏஜெண்டிடம் எந்தக் கோரிக்கையும் இல்லை என்று எழுதிய ஒரு தாளில் அவள் கைநாட்டு வைத்தால் ஒரு மாதத்தில் கூட்டிவந்துவிடலாம் என்றார். அவள் அந்தத் தாளை எழுத்துக் கூட்டிக் கடைசிவரை படித்தாள். அவர் காத்துக்கொண்டிருந்தார்.

"எனக்குக் கையெழுத்து வரும், கைநாட்டு இல்ல. ஆனா இதுல போட மாட்டேன். அவரு விருப்பப்பட்டா சாரத்துலருந்து உழுந்தாரு?"

காபியைத் தொடாமல் எழுந்து நேராக என் கடைக்கு வந்தாள். வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களைக் கவனிக்கும் குடிபெயர்வு அலுவலகத்துக்கு ஒரு மனு, துபாயில் இருக்கும் இந்தியத் துணைத் தூதரகத்துக்கு ஒரு நகல். நான் வழக்கப்படி ஆரம்பித்தேன். 'தங்கள் பாதம் பணிந்து மிகத் தாழ்மையுடன் வேண்டிக்கொள்வது...' அடித்ததைப் படித்துக் காட்டினேன்.

"பாதம் பணிஞ்சு எதுக்கு?"

"மனுன்னா அப்படித்தாம்மா எழுதறது."

"அத எடுத்துடுங்க. வேண்டிக்கிறேன்னும் போடாதீங்க. கேக்கிறேன்னு போடுங்க."

"அதிகாரிங்க கோச்சிக்குவாங்க."

"எத்தினி மைலு, எத்தினி மணி, எத்தினி நாளு. இந்த மூணையும் போடுங்க. அதுக்குக் கீழ, ஏன்னு கேக்கிறேன்னு போடுங்க. போதும்."

என் இருபது வருடத் தொழிலில் நான் அடித்த மிகச் சின்ன மனு அதுதான். ஒன்பது வரி. அதை அவள் தபாலில் போடவில்லை. பட்டணத்துக்கு எடுத்துப்போய் அதிகாரி கையில் கொடுத்து, நகலில் தேதி முத்திரை வாங்கிவந்தாள். முதல் நாள் அதிகாரி இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் அவர் அறை வாசலில், சாப்பாட்டு நேரத்தில், வெளியே வந்தவரின் முன்னால் நின்றாள். அவர் நின்றுகொண்டே படித்தார். ஒன்பது வரிதான் என்பதால் படித்து முடித்துவிட்டார். "நூத்திப் பதினாறு நாளா?" என்று கேட்டாராம். அன்றே பரசுராமனுக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் போனது. உரிமத்தைப் பற்றியும் அதில் இரண்டு வரி இருந்ததாகக் கேள்வி.

அதற்குப் பிறகு எதற்கும் ஆறு மாதம் ஆகவில்லை. செப்டம்பர் 9ஆம் தேதி யேசுதாஸிடமிருந்து தந்தி வந்தது. ஜெயராஜ் மறுநாள் புறப்படுகிறான்.

10ஆம் தேதி மீனம்பாக்கத்துக்கு என்னையும் அழைத்திருந்தாள். பம்பாய் விமானம் மாலை நான்கு மணிக்கு வர வேண்டியது, இரண்டு மணி நேரம் தாமதம் என்று அறிவித்தார்கள். அவள் நாற்காலியில் உட்காரவில்லை. விமானம் இறங்கி, எல்லோரும் வெளியே வந்தபின் கடைசியாகச் சக்கர நாற்காலியில் ஜெயராஜைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பாதி ஆளாக இருந்தான். கன்னம் ஒட்டி, தாடி வளர்ந்து, காலில் மரச்சட்டம் கட்டியிருந்தது. அவள் ஓடவில்லை. பக்கத்தில் போய் அவன் நெற்றியில் கையை வைத்துப் பார்த்தாள், காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பது போல.

"இன்னா சாப்டே பிளேன்ல?" என்று கேட்டாள்.

அவன் அழ ஆரம்பித்துவிட்டான். அவள் அழவில்லை. நான் திரும்பிக்கொண்டு வெளியே வந்து டாக்சி பார்த்தேன்.

ஆறு வாரம் பட்டணத்து ஆஸ்பத்திரியில் இருந்தான். எலும்பு தாறுமாறாகக் கூடியிருந்தது. நடந்தான், ஆனால் ஒரு கால் இரண்டங்குலம் குட்டையாகவே நின்றுவிட்டது. சீக்கிரம் வந்திருந்தால் சரிசெய்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். அதைக் கேட்டபோதுதான் ஞானம்மா முதல்முறையாக உடைந்துபோனாள். ஆஸ்பத்திரி நடையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நான் ஏப்ரல்லியே மீனம்பாக்கம் போயிருக்கணும் சார். ஏழு தடவ அவன் பேச்சைக் கேட்டுக்கினு வந்தேனே" என்றாள். நான் நகலைப் பூட்டி வைத்திருந்த நாட்களை அவள் சொல்லிக்காட்டவில்லை. சொல்லியிருக்கலாம்.

ஜெயராஜுக்கும் இதில் மனத்தாங்கல் இருந்தது. ஊரே தன் பெயரைச் சொல்லித் தெருவில் பேசிக்கொண்டது அவனுக்குப் பிடிக்கவில்லை. "என்னை ரோட்ல வெச்சு ஏலம் போட்ட மாதிரி ஆயிப்போச்சு" என்று ஒருமுறை என் எதிரிலேயே சொன்னான்.

"ஆமா, போட்டேன். கேக்க ஆள் வந்துது, நீ வந்தே" என்றாள் அவள். அவன் வேறு பக்கம் பார்த்தான். ஆனால் வாயோரம் சிரிப்பு வந்தது. அடுத்த வருடம் ஒரு தொழிற்சாலையில் வாட்ச்மேன் வேலை கிடைத்தது. உட்கார்ந்து செய்கிற வேலை.

பரசுராமன் கடையை மூடவில்லை. ஆனால் அந்தத் தெருவில் அதன் பிறகு அவர் அனுப்பிய ஒவ்வொருவனும் ஒப்பந்தத்தின் பிரதியைத் தானே மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போனான். காலனி ஆட்களையும் ஒரு வருடத்துக்குள் எடுக்க ஆரம்பித்துவிட்டார், ஏனென்றால் கம்பி கட்டத் தெரிந்தவர்கள் அங்கேதான் இருந்தார்கள். கன்னியம்மாவின் மகன் 78இல் போனான். போகுமுன் ஞானம்மாவிடம் வந்து ஏழாவது ஷரத்தைப் படித்துக் காட்டச் சொன்னான். அம்மா வாசலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள். ஞானம்மா அவளையும் உள்ளே கூப்பிட்டாள்.

நான் பரசுராமனின் வேலை போனபின் ஆறேழு மாதம் திண்டாடினேன். பிறகு தொழிற்சாலைகளிலிருந்து கணக்காளர் கடிதம், ஆள் எடுப்பு விளம்பரம் என்று வேறு வேலைகள் வந்தன. ஞானம்மா மட்டும் மாதத்துக்கு ஒருமுறையாவது யாரையாவது கூட்டிக்கொண்டு வந்துவிடுவாள். மஸ்கட்டில் மாட்டிக்கொண்டவன், குவைத்தில் சம்பளமில்லாமல் நிற்பவன். ஒவ்வொரு ஊருக்கும் மைலும் மணியும் கேட்டுவர மீனம்பாக்கம் போவாள். விக்டோரியா அவளைப் பார்த்ததும் புத்தகத்தை எடுத்துவிடுவார் என்று பெருமையாகச் சொல்வாள்.

1979 டிசம்பரில் பழவேற்காட்டுக் குப்பத்திலிருந்து கங்கம்மாள் என்ற பெண்ணை அழைத்துவந்தாள். ஏரியில் மீன் பிடிக்கும் குடும்பம். அவளுடைய தம்பி பஹ்ரைனில் இழுவைப்படகு வேலைக்குப் போனவன், எட்டு மாதமாகக் கடிதம் இல்லை. அனுப்பியவர் பெரிய புள்ளி, அரசியல் செல்வாக்கு உள்ளவர். பெயரைக் கேட்டதும் மெஷினிலிருந்து கையை எடுத்தேன்.

"ஞானம்மா, இவரு பரசுராமன் மாதிரி இல்ல. கொஞ்சம் யோசிச்சுச் செய்யலாம்" என்றேன்.

அவள் கங்கம்மாளை ஸ்டூலில் உட்காரவைத்தாள். தான் நின்றபடியே, மெஷினில் நான் காலையில் அடித்துவைத்திருந்த தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"டைப் சார், எழுத்து மங்கலா உழுது. மொதல்ல ரிப்பனை மாத்துங்க. பஹ்ரைனு எத்தினி மைலுன்னு நான் நேத்தே கேட்டுக்கினு வந்துட்டேன்."